மைத்துனர் சொன்ன கார் பங்கும் மறு அடகு போகும் நகையும்

கேள்வி: கோவையில் ஜவுளி இயந்திர உதிரிபாக நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். கைக்கு வரும் சம்பளம் ரூ.78,000. கலிஃபோர்னியாவில் இருக்கும் மனைவியின் அண்ணன் சொன்னதால், இரண்டு வருடத்துக்கு முன் 18 பவுன் நகையை அடகு வைத்து, ரூ.6 லட்சத்துக்கு ஓட்டுநர் இல்லா கார் நிறுவனங்களின் அமெரிக்கப் பங்குகளை வாங்கினேன். இப்போது அவற்றின் மதிப்பு ரூ.4.1 லட்சம். நகைக்கு 15% வட்டி; கட்ட முடியாமல் இரண்டு முறை வட்டியையும் சேர்த்து மறு அடகு வைத்துவிட்டேன். இப்போது ஒரு தனியார் ஸ்டார்ட்அப்பில் நண்பர்களோடு சேர்ந்து பங்கு வாங்குவதாகவும், ரூ.4 லட்சம் அனுப்பினால் எனக்கும் தன் பெயரிலேயே வாங்கி வைப்பதாகவும் மைத்துனர் சொல்கிறார். ‘குடும்பச் செலவு’ என்று காட்டி அனுப்பச் சொல்கிறார். தங்கம் விலை ஏறியதால் நகைக்கடன் நிறுவனமும் டாப்-அப் (அதே நகைக்குக் கூடுதல் கடன்) தரத் தயார் என்கிறது. என்ன செய்யலாம்? மியூச்சுவல் ஃபண்டில் மாதம் ரூ.10,000 எஸ்ஐபி போகிறது. டாப்-அப் விஷயம் மனைவிக்குத் தெரியாது.

பதில்: அனுப்பாதீர்கள். டாப்-அப்பும் வாங்காதீர்கள். பணத்தைப் பிரித்துப் போடுவது, அவசரச் செலவுக்கு ஒதுக்குவது எல்லாம் எஸ்ஐபி போடும் உங்களுக்குத் தெரிந்ததுதான். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் மைத்துனர் கார்களைப் பற்றிச் சொல்வது சரிதான். ஃபீனிக்ஸிலும் சான் பிரான்சிஸ்கோவிலும் வேமோ கார்கள் ஓட்டுநர் இல்லாமலே பயணிகளை ஏற்றிச் செல்கின்றன. ஆனால் அந்த வேமோ யாருடையது? 2009-ல் கூகுளுக்குள் தொடங்கிய திட்டம் அது. 2016-ல் தனி நிறுவனமானது. பிடி இன்னும் கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட் கையில்தான். 2024-ல் திரட்டிய 560 கோடி டாலருக்கும் ஆல்ஃபபெட்தான் தலைமை தாங்கியது. இன்னொரு ஓட்டுநர் இல்லா கார் நிறுவனமான ஸூக்ஸை அமேசான் 2020-லேயே வாங்கிவிட்டது. ஆல்ஃபபெட் பங்கு வாங்கினால் வேமோவில் கொஞ்சம் கிடைக்கும். ஆனால் பெரும்பகுதி கூகுளின் தேடல் விளம்பரத் தொழிலைத்தான் வாங்குகிறீர்கள்.

குரூஸ் என்ற ஓட்டுநர் இல்லா கார் நிறுவனத்தின் கதையை உங்கள் மைத்துனர் மறந்திருக்க மாட்டார், அவர் ஊரில் நடந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 2016-ல் வாங்கிய நிறுவனம். பின்னாலேயே சாஃப்ட்பேங்க், ஹோண்டா, மைக்ரோசாஃப்ட் என வரிசையாகப் பணம் போட்டார்கள். 2021 ஜனவரியில் அதன் மதிப்பு 3,000 கோடி டாலர். மறு வருடமே சாஃப்ட்பேங்க் தன் பங்கை 210 கோடி டாலருக்கு ஜெனரல் மோட்டார்ஸிடமே விற்று வெளியேறிவிட்டது. 2023 அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோவில் வேறொரு கார் இடித்துத் தள்ளிய பெண் மீது குரூஸ் கார் மோதி, அவரைச் சுமார் 20 அடி தூரம் இழுத்துச் சென்றது. அந்த மாதமே கலிஃபோர்னியா அரசு உரிமத்தை நிறுத்தியது. 2024 டிசம்பரில், 1,000 கோடி டாலருக்கு மேல் செலவான நிலையில், ரோபோடாக்ஸிக்கு (ஓட்டுநர் இல்லா வாடகைக் கார்) இனி பணம் போட மாட்டோம் என்று ஜெனரல் மோட்டார்ஸ் அறிவித்தது. மைக்ரோசாஃப்ட் சுமார் 80 கோடி டாலரை நஷ்டக் கணக்கில் எழுதியது.

இதில் கவனிக்க வேண்டியது, முடிவை எடுத்தது யார் என்பதை. கிட்டத்தட்ட 90% பங்கு வைத்திருந்த தாய் நிறுவனம் போதும் என்றது, முடிந்துவிட்டது. மைக்ரோசாஃப்டே அந்த இடத்தில் சிறு பங்குதாரர்தான். ஃபோர்டும் ஃபோக்ஸ்வாகனும் சேர்ந்து நடத்திய ஆர்கோ ஏஐயும் 2022-ல் இப்படித்தான் மூடப்பட்டது. சந்தைக்கு வந்தவற்றிலும் ஓட்டுநர் இல்லா லாரி நிறுவனமான டுசிம்பிள் 2021-ல் 40 டாலருக்குப் பங்கு விற்று, 2024-ல் நாஸ்டாக்கிலிருந்தே விலகியது. சுமார் 500 கோடி டாலர் மதிப்போடு பட்டியலுக்கு வந்த இன்னொரு லாரி நிறுவனமான எம்பார்க் 2023-ல் 7.1 கோடி டாலருக்கு விலைபோனது.

வெல்லப்போவது எது என்று எனக்கோ உங்களுக்கோ சொல்லத் தெரியாது. சரியாகச் சொல்லிவிட்டாலும் பத்து வருடம் காத்திருக்க வேண்டியிருக்கலாம். அவ்வளவு காலம் காத்திருக்க உங்கள் அடகுச் சீட்டு விடாது. ரூ.6 லட்சம் ஒரு வருடத்தில் 6.9 லட்சம், மறு அடகில் அதற்கும் வட்டி ஏறி இப்போது ஏறக்குறைய 7.9 லட்சம். பங்கு 4.1 லட்சத்தில் இருக்கிறது. வட்டி இன்றோடு நின்றாலும் பங்கு இரட்டிப்பானால்தான் கணக்கு நேராகும். வட்டியோ நிற்காமல் மாதம் சுமார் ரூ.10,000 ஓடுகிறது, அதாவது நீங்கள் போடும் எஸ்ஐபி அளவுக்கு. இன்னும் 4 லட்சம் வாங்கினால் மாத வட்டி மட்டும் ரூ.15,000. உங்களுக்குக் கெடுதல் செய்வது வட்டி கட்டாமல் சீட்டைப் புதுப்பித்துக்கொண்டே போகும் இந்தப் பழக்கம்தான். தங்கம் ஏறுவதால் நிறுவனமும் தடுக்காது. தங்கம் இறங்கும் வருடத்தில் ஏல நோட்டீஸ் வரும்.

மைத்துனர் பெயரில் வாங்குவதைப் பற்றி. சட்டப்படி அது அவருடைய பங்கு. நாளை அவர் வீட்டில் ஒரு பிரச்சினை, ஒரு வழக்கு என்றால் உங்கள் கையில் வாட்ஸ்அப் செய்தியைத் தவிர எதுவும் இருக்காது. தனியார் நிறுவனப் பங்கு என்பதால் நினைத்தபோது விற்கவும் முடியாது. முதலீட்டுக்குப் போகும் பணத்தைக் குடும்பச் செலவு என்று எழுதுவது பொய்யான அறிவிப்பு. வெளிநாட்டு முதலீட்டுக்கு அனுப்ப வங்கிகள் கடனே தரக்கூடாது என்று ரிசர்வ் வங்கியின் எல்ஆர்எஸ் (தனிநபர் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் திட்டம்) விதி சொல்கிறது. கடன் வாங்கி அனுப்புவதை அவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்று அதிலேயே தெரிகிறது.

இந்த வாரமே மனைவியிடம் முழுக் கணக்கையும் சொல்லுங்கள். நகை அவருடையது, கேட்பவர் அவருடைய அண்ணன். ‘இல்லை’ என்ற பதில் அவர் வாயிலிருந்து போனால் உறவு கெடாது.

அப்புறம் பங்குகளை விற்றுவிடுங்கள். அந்த 4.1 லட்சத்தைக் கட்டி, பாதி நகையையாவது விடுவிக்க முடியுமா என்று கேளுங்கள். விடுவித்த நகையைப் பொதுத்துறை வங்கியில் வைத்து, மீதி 3.8 லட்சத்தை அடைத்து எல்லாவற்றையும் வங்கிக்கு மாற்றுங்கள். வங்கியில் 10% என்றே வைத்துக்கொள்வோம், மாத வட்டி ரூ.3,200 அளவில் வரும். ஒரே சீட்டாக வைக்காமல் மூன்று சீட்டாகப் பிரித்து வையுங்கள். பணம் சேரச் சேர ஒவ்வொன்றாக மீட்கலாம். எஸ்ஐபியை நிறுத்தி அந்த 10,000-த்தோடு இன்னொரு 10,000 சேர்த்து மாதம் 20,000 கட்டினால் 21 மாதத்தில் கடன் முடியும். 15% வட்டி கட்டிக்கொண்டு 12% எதிர்பார்த்து எஸ்ஐபி போடுவதில் எனக்குச் சுத்தமாக உடன்பாடில்லை.

விற்ற நஷ்டத்தை வருமான வரிக் கணக்கில் காட்டுங்கள். 24 மாதம் தாண்டியிருந்தால் அது நீண்டகால மூலதன நஷ்டம். கெடுவுக்குள் தாக்கல் செய்தால் எட்டு வருடம் வரை நீண்டகால லாபத்தில் கழிக்கலாம். வெளிநாட்டுச் சொத்துக்கான ஷெட்யூல் எஃப்ஏவை இந்த இரண்டு வருடமும் நிரப்பினீர்களா என்று உங்கள் ஆடிட்டரிடம் உடனே கேளுங்கள்.