கேளுங்க அக்கா: பாட்டு கூச்சத்த எடுத்துடுது, பொட்டலத்த ஃப்ரெண்டு கொண்டு வர்றான்

போன தடவ இந்தப் பக்கத்துல பசங்க கேக்கற கஞ்சா பாட்டுங்கள பத்தி ரெண்டே ரெண்டு வரிதான் எழுதியிருந்தேன், அதுக்கு வந்த கடிதமும் வாய்ஸ் மெசேஜும் ஒரு வாரமா படிச்சும் கேட்டும் முடியல. அதனால இந்த தடவ முழுப் பக்கமும் அதுக்குத்தான். பேரெல்லாம் எடுத்துட்டேன், ஊர் மட்டும் விட்டிருக்கேன்.

அக்கா வணக்கமுங்க. பையன் பிளஸ் ஒன் படிக்கறானுங்க. நானும் அவங்கப்பாவும் பனியன் கம்பெனிக்கு போயிருவோம். எந்நேரமும் காதுல ஹெட்செட்டு, கஞ்சாவ பத்தி வர்ற பாட்டாவே கேக்கறான், ஸ்டேட்டஸ்ல புகை விடற படம், இலை எமோஜி. கேட்டா "அது சும்மா ட்ரெண்டும்மா"ங்கறான். பாட்டு கேட்டா பழக்கம் வந்துருமுங்களா? போன புடுங்கி வெச்சுக்கட்டுமா? - ஒரு அம்மா, திருப்பூர்

புடுங்காதீங்கம்மா, முதல்ல அத சொல்லிடறேன். நீங்க போன புடுங்கினா அவன் ஃப்ரெண்டு போன்ல பாப்பான், அதுவும் உங்க கண்ணுக்கு தெரியாத இடத்துல உக்காந்து பாப்பான், இப்பவாவது என்ன பாக்கறான்னு உங்களுக்கு தெரியுது.

பாட்டு கேட்ட எல்லாரும் கஞ்சா அடிக்கறதில்ல, அது நிஜம். ஆனா பாட்டுக்கும் படத்துக்கும் சம்பந்தமே இல்லன்னு சொல்றதும் பொய். டெல்லில 12 ஸ்கூல்ல கிட்டத்தட்ட 4000 பசங்ககிட்ட ஆராய்ச்சி பண்ணாங்க, 2012-ல வெளியாச்சு, இந்திப் படத்துல புகையிலை சீன் அதிகமா பாத்த பசங்க அத தொட்டுப் பாத்திருக்க வாய்ப்பு, கம்மியா பாத்தவங்கள விட ரெண்டு மடங்குக்கும் மேலன்னு வந்துச்சு. அதே 2012-ல அமெரிக்காவோட தலைமை சுகாதார அதிகாரி அறிக்கையும் படத்துல வர்ற சிகரெட் சின்னப் பசங்கள சிகரெட் பக்கம் கொண்டு போகுதுன்னு தெளிவா சொல்லிடுச்சு. இதெல்லாம் புகையிலைக்கு எடுத்த கணக்கு, ஆனா என்கிட்ட வந்த பசங்கள்ல முக்கால்வாசி பேர் தொடங்கினதும் அங்கதான்.

நான் இத்தன வருஷம் இந்தப் பசங்களோட உக்காந்து பேசினதுல புரிஞ்சுகிட்டது ஒண்ணுதான். பாட்டு அவன் கையில எதையும் குடுக்கறதில்ல, அந்தப் பொருள் மேல இருக்கற கூச்சத்த எடுத்துடுது. நம்ம காலத்துல கஞ்சான்னா வாய்விட்டு சொல்லவே பயப்படுவோம், இப்ப அதே வார்த்தை நூறு தடவ நல்ல மெட்டுல காதுல விழுந்து வீட்டு சாமான் பேரு மாதிரி ஆயிடுது, அப்புறம் ஒரு நாள் கூட படிக்கறவன் "வா மச்சி ஒரு தடவ"ன்னு கூப்பிடும்போது வேணாம்னு சொல்றதுக்கு உள்ள எதுவும் இருக்கறதில்ல. கூப்பிடறவன் தெரியாதவனா இருக்கவே மாட்டாம்மா, உங்க வீட்டுல சோறு சாப்பிட்ட ஃப்ரெண்டாதான் இருப்பான்.

ஒரு பையன், 17 வயசு, அவங்கம்மா கூட்டிட்டு வந்தாங்க. அவன் ஜியோமெட்ரி பாக்ஸ்ல காம்பஸ், ரெண்டு பேனா, அதோட ஒரு கண் சொட்டு மருந்து பாட்டில். கண்ணு எதுக்குடா வலிக்குதுன்னு கேட்டேன், பதில் இல்ல, நகத்தால பாட்டில் லேபிள சுரண்டிகிட்டே இருந்தான். கண்ணு செவப்பு வெளிய தெரியாம இருக்க அத வெச்சிருந்திருக்கான், அம்மா கம்ப்யூட்டர் பாத்து கண்ணு எரியுது போலன்னு நெனச்சு ரெண்டாவது பாட்டிலும் வாங்கிக் குடுத்திருக்காங்க. அவங்க அழுதத என்னால மறக்க முடியல.

அதனால நீங்க ஸ்டேட்டஸ பாக்கறத விட இத பாருங்க: தூக்கம் ராத்திரி பகல் மாறுதா, திடீர்னு சென்ட் வாசனை, பர்ஸ்ல அம்பது நூறு கொறையுதா, பழைய ஃப்ரெண்டுங்கள விட்டுட்டு புது செட்டு சேந்திருக்கா. இது எதுவும் இல்லன்னா பாட்டு பாட்டாதான் இருக்கு, பயப்படாதீங்க. ஆனா ஒரு ஞாயித்துக்கிழம அவன் பக்கத்துல உக்காந்து ஒரு ஹெட்செட்ட நீங்க வாங்கி மாட்டிகிட்டு அந்தப் பாட்ட முழுசா கேளுங்க, திட்டாம கேளுங்க, முடிஞ்சதும் "இந்தாளு மறுநா காலைல எப்படி எந்திரிப்பான், வேலைக்கு போவானா, இவங்கம்மா எங்க இருக்காங்க"ன்னு கேளுங்க. இந்தக் கேள்விய யாரும் அவன்கிட்ட கேட்டதே இல்ல.

அக்கா, நான் இன்ஜினியரிங் தேர்ட் இயர். வாரத்துக்கு ஒரு தடவ ஃப்ரெண்ட்ஸோட வீட் அடிப்பேன், மறைக்கல. அது நேச்சுரல்தானே? சித்தருங்களே யூஸ் பண்ணாங்க, கனடால லீகல், நான் கேக்கற அமெரிக்க ராப்பருங்க எல்லாரும் அடிச்சிட்டுத்தான் அவ்ளோ பெரிய மியூசிக் பண்றாங்க. சிகரெட்ட விட சேஃப்னு எல்லா பாட்காஸ்ட்லயும் சொல்றாங்களே? - கோயம்புத்தூர் மாணவர்

மறைக்காம எழுதினதுக்கு ரொம்ப நன்றி தம்பி, நானும் மறைக்காம பேசறேன்.

சித்தர் பேர இதுல இழுக்காத. சித்த மருத்துவத்துல கஞ்சாவ சுத்தி பண்ணி, அளவு பாத்து, நோய்க்கு மருந்தா குடுத்தாங்க, நம்ம அரசாங்க மருந்து விதிகள்லயும் அது நஞ்சுள்ள பொருள் பட்டியல்லதான் இருக்கு. ஹாஸ்டல் மொட்ட மாடில நீ அடிக்கறதுக்கும் அதுக்கும் என்னப்பா சம்பந்தம். நேச்சுரல்னா அரளி வெதையும் நேச்சுரல்தான்.

கனடா கதைய முழுசா தெரிஞ்சுக்கோ. 2018 அக்டோபர்ல அங்க சட்டப்படி ஆக்கினாங்க, ஆனா அதே சட்டத்துல என்ன இருக்கு தெரியுமா, கஞ்சாவ விளம்பரம் பண்ணும்போது கவர்ச்சி, உல்லாசம், துணிச்சல் இந்த மாதிரி ஒரு வாழ்க்கையோட சேத்து காட்டக் கூடாது, பிரபலங்கள வெச்சு விளம்பரம் பண்ணக் கூடாது. வயசு வரம்பு பெரும்பாலான மாகாணத்துல 19, கியூபெக்ல 21. அனுமதிச்ச நாடே எந்த கெத்துக்கு பயந்து பூட்டு போட்டிருக்கோ அந்த கெத்த பாத்துத்தான் நீ இத தொட்டிருக்க, யோசிச்சுப் பாரு.

ராப்பருங்க விஷயத்துக்கு வர்றேன், எனக்கும் அந்தப் பாட்டுங்க பிடிக்கும், அதனாலதான் வலிக்குது. லில் பீப், 2017 நவம்பர், 21 வயசு, டூர் பஸ்லயே செத்துப் போனான், அன்னிக்குத்தான் மாத்திரையோட இன்ஸ்டாகிராம்ல போஸ்ட் போட்டிருந்தான். மேக் மில்லர், 2018 செப்டம்பர், 26 வயசு, வலி மாத்திரைன்னு நெனச்சு வாங்கினது போலி, உள்ள ஃபெண்டனில்ங்கற ரொம்ப வீரியமான போதை மருந்து இருந்துச்சு. ஜூஸ் வேர்ல்டு, 2019 டிசம்பர், 21-வது பிறந்தநாள் முடிஞ்சு ஒரு வாரம்கூட ஆகல. இவங்க மூணு பேரும் போதைய பத்தி பாடின பாட்ட நல்லா கேட்டுப் பாரு, பாதி பாட்டுல பயம்தான் இருக்கும், நாமதான் பீட்டுக்கு தலைய ஆட்டிட்டு வார்த்தைய விட்டுடறோம். அவங்க கஞ்சாவால சாகல, வேற பொருளாலன்னு நீ சொல்லுவ, சரிதான், ஆனா கிடைக்கறது என்னன்னு தெரியாம கை மாறி வர்ற எத வாங்கினாலும் ஆபத்து ஒண்ணுதான்.

கஞ்சாவுக்கே வர்றேன். சுவீடன்ல ராணுவத்துக்கு எடுத்த 45,000-க்கும் மேல இளைஞர்கள 15 வருஷம் பின்தொடர்ந்து பாத்தாங்க, 1987-ல முடிவு வந்துச்சு, 18 வயசுக்குள்ள அம்பது தடவைக்கு மேல அடிச்சவங்களுக்கு மனச்சிதைவு நோய் வந்தது அடிக்காதவங்கள விட ஆறு மடங்கு. எல்லாருக்கும் வராது, யாருக்கு வரும்னு முன்கூட்டியே உறுதியா சொல்லவும் முடியாது, குடும்பத்துல யாருக்காவது மனநோய் இருந்தா ஆபத்து இன்னும் அதிகம், உனக்கு உன் தாத்தாவோட தம்பிய பத்தி தெரியுமா? ரெண்டாம் வருஷ பசங்க, நல்லா படிக்கறவங்க, வகுப்புல எல்லாரும் தன்னப் பத்தியே பேசறாங்கன்னு கதவ சாத்திகிட்டு உக்காந்தத நான் நேர்ல பாத்திருக்கேன். மூளை இருபத்தஞ்சு வயசு வரைக்கும் வளந்துகிட்டே இருக்கு தம்பி. ஒரு மாசம் நிறுத்திப் பாரு, முடிஞ்சா சந்தோஷம், முடியலன்னா அதுதான் உனக்கு பதில், அப்ப எனக்கு மறுபடி எழுது.

கவர்ன்மென்ட் ஸ்கூல்ல வாத்தியாரா இருக்கேன் மேடம். படத்துல கீழ வர்ற எச்சரிக்கை வரிய பசங்க கிளாஸ்ல கோரஸா ராகம் போட்டு சொல்றாங்க. அதனால ஏதாவது பிரயோஜனம் உண்டா? - மதுரை

சார், என் அண்ணன் ஆறாவது படிக்கும்போது சாக்பீஸ தூக்கிப் போட்டு வாயில புடிப்பான், ரஜினி சிகரெட்ட புடிக்கற மாதிரி. வாயெல்லாம் வெள்ளையா வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட அடி வாங்குவான். அவன் ஒன்பதாவது வந்தப்ப சாக்பீஸ் இருந்த இடத்துல நெஜ சிகரெட் வந்துடுச்சு. 2002-ல பாபா படத்துல ரஜினி சிகரெட் பிடிக்கறதுக்கு பாமக எதிர்ப்பு தெரிவிச்சப்ப நாங்கல்லாம் ரசிகருங்களா கோவப்பட்டோம், இப்ப யோசிச்சா அந்தக் கேள்வி நியாயமான கேள்விதான். ரஜினியே 2023 ஜனவரில ஒரு மேடையில தன் சிகரெட், குடிப் பழக்கத்தையும் மனைவி அன்பால அதுலருந்து வெளிய வந்ததையும் பேசினார், அந்த வீடியோவ உங்க கிளாஸ்ல போட்டுக் காட்டுங்க, எச்சரிக்கை வரிய விட அது நிக்கும்.

அந்த வரி 2012 அக்டோபர்லருந்து தியேட்டர்ல கட்டாயம், 2023 செப்டம்பர்லருந்து ஓடிடிக்கும் வந்துச்சு. வேணாம்னு சொல்ல மாட்டேன், ஆனா பத்து வருஷத்துக்கு மேல அதே வரிய பாத்துப் பாத்து கண்ணு அத தாண்டிப் போக பழகிடுச்சு. அதுவும் அது புகையிலைக்கும் மதுவுக்கும்தான் தெரியும், ரீல்ஸ்ல முப்பது செகண்டு ஓடற புகைக்கு எந்த வரியும் இல்ல. அப்புறம், புற்றுநோய்னு பதினஞ்சு வயசுப் பையன்கிட்ட சொன்னா அவனுக்கு அது அம்பது வயசுக்காரன் பிரச்சன. கபடில மூச்சு முட்டும், பல்லு ஓரம் கறுத்துடும், ஈறு வெந்துடும்னு சொல்லிப் பாருங்க, உடனே நாக்கால பல்ல தடவுவான்.

கூல் லிப்னு உதட்டுக்குள்ள அடக்கிக்கற புகையிலை பாக்கெட் உங்க ஸ்கூல் காம்பவுண்டு ஓரம் கெடக்குதான்னு ஒரு தடவ நடந்து பாருங்க சார். குட்கா 2013-லயே தமிழ்நாட்டுல தடை, இருந்தும் 2024-ல உங்க ஊர் உயர்நீதிமன்றக் கிளையே ஸ்கூல் பசங்ககிட்ட இது பரவறத பத்தி அரசுங்ககிட்ட விளக்கம் கேக்கற நெலம.

அக்கா, நான் அசிஸ்டன்ட் டைரக்டர். வடசென்னை பசங்க கதை ஒண்ணு எழுதறேன். இருக்கறதத்தான காட்டறோம், அதையும் காட்டாதன்னா எப்படி? - சாலிகிராமம்

காட்டு தம்பி, நல்லா காட்டு. தடை பண்ணச் சொல்ற ஆள் நான் இல்ல. 2019-ல பஞ்சாப் ஹரியானா ஹைகோர்ட் போதையையும் குடியையும் புகழ்ற பாட்ட நிகழ்ச்சியில கூட போடக் கூடாதுன்னு போலீஸுக்கு உத்தரவு போட்டுச்சு, ஆனா கல்யாண வீட்டுல கேக்கறவன் ஆசைய எந்த உத்தரவும் மாத்தாது. அமெரிக்காவுல ராப் பாட்டுல பேர் வாங்கின கோடீன் இருமல் மருந்த ஆக்டாவிஸ்ங்கற கம்பெனி 2014-ல தயாரிக்கறதையே நிறுத்திடுச்சு, அத இவ்ளோ கவர்ச்சியா காட்டறாங்கன்னு காரணமும் சொல்லிச்சு. மருந்து நின்னுச்சு, பாட்டு நிக்கல.

நான் கேக்கறது எங்க கட் பண்றீங்கன்னு மட்டும்தான். ஹீரோ இழுக்கறான், ஸ்லோ மோஷன், பிஜிஎம், புகை மேல போகுது, கட், அடுத்து அவன் பத்து பேர அடிக்கறான். நெஜத்துல அடுத்த சீன் என்னன்னா, ராத்திரி ஒரு மணிக்கு தங்கச்சி உண்டியல ஊசியால நோண்டி சில்லறைய எடுத்துட்டு இருப்பான், சத்தம் வரக் கூடாதுன்னு அடில துண்ட போட்டு. இது நான் கேட்ட கதை, நீ எடுத்துக்கோ. போதைய எதிர்த்து எடுக்கற படத்துலயே வில்லன் ரூமுக்குத்தான் நல்ல லைட்டிங், நல்ல சட்ட, நல்ல வசனம் எல்லாம் போகுது, போலீஸ் ஸ்டேஷன்ல டியூப்லைட்டு. பையன் எந்த ரூமுக்கு போக ஆசப்படுவான்?

என் தம்பிக்கு 20 வயசு. வலி மாத்திரைய கரைச்சு ஊசில ஏத்திக்கறான், கை எல்லாம் கட்டியா இருக்கு. ஏதோ ரீல்ஸ்ல வர்ற அண்ணனுங்கள மாதிரி ஆவணும்னு ஆரம்பிச்சதுதான் அக்கா. ஆஸ்பத்திரிக்கு போனா போலீஸ் கேஸ் ஆகிடுமோன்னு அப்பா பயப்படறார். - விருதுநகர்

அம்மாடி, இன்னிக்கே கூட்டிட்டு போங்க. 1985-ம் வருஷ போதைப்பொருள் சட்டத்துல 64ஏ-ன்னு ஒரு பிரிவு இருக்கு, பழக்கத்துக்கு அடிமையானவங்க தானா முன்வந்து அரசு அல்லது அரசு அங்கீகாரம் உள்ள எடத்துல சிகிச்சை எடுத்து முடிச்சா, உபயோகிச்சதுக்காகவும் சின்ன அளவு கையில வெச்சிருந்ததுக்காகவும் அவங்க மேல வழக்கு நடத்த மாட்டாங்க. சிகிச்சைய பாதில விட்டா அந்தப் பாதுகாப்பு போயிடலாம், அத அப்பாகிட்ட தெளிவா சொல்லுங்க.

மாத்திரைல இருக்கற மாவுப் பொருள் முழுசா கரையாது, அது ரத்தக்குழாய அடைக்கும், நுரையீரலுக்கும் போகும், கை கட்டிக்கு காரணம் அதுவாகவும் இருக்கலாம், சீழ் கட்டினதாகவும் இருக்கலாம். ஊசிய வேற யாரோடயாவது மாத்திக்கிட்டானான்னு கேளுங்க, எச்ஐவி, மஞ்சள்காமாலை பி, சி மூணுக்கும் டெஸ்ட் எடுக்கணும். நிறுத்தினதும் ஒடம்பு முறிச்சு போடும், மூக்கு ஒழுகும், வயித்தால போகும், தூக்கமே வராது, அத வீட்டுக்குள்ள பூட்டி வெச்சு சமாளிக்க பாக்காதீங்க, அதுக்கு மருந்து இருக்கு. மூச்சு மெதுவாகி, எழுப்பினா எந்திரிக்கலன்னா யோசிக்காம 108.

அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரில மனநலப் பிரிவுக்கு நேரா போங்க, 2025-ல அரசு ஆரம்பிச்ச கலங்கரை போதை மீட்பு மையம் எங்க பக்கமா இருக்குன்னும் அங்கயே கேளுங்க. போறதுக்கு முன்னாடி பேசணும்னா 14446 போதை மீட்பு ஹெல்ப்லைன், 14416 மனநலத்துக்கு, ரெண்டுமே இலவசம், அப்பாவயே பேச வைங்க. தம்பிய கூட்டிட்டு போகும்போது மாத்து சட்டை ரெண்டு, பழைய மருந்துச் சீட்டு எல்லாம் எடுத்துக்கோங்க, அவன் போன மட்டும் உங்க கையில வாங்கி வெச்சுக்கோங்க, முதல் பத்து நாளைக்கு சப்ளை பண்றவன் கூப்பிட்டுகிட்டேதான் இருப்பான்.