60% வளர்ச்சியை மட்டும் பார்க்காதீர்கள்

வணக்கம் அண்ணா. டெக்சாஸில் பள்ளி முடிக்கும் மகனை நர்சிங்கில் சேர்ப்பதா, காற்றாலை டெக்னீஷியன் பயிற்சிக்கு அனுப்புவதா என்று கேட்டிருந்தீர்கள். அந்த டெக்னீஷியன் வேலைகள் பத்தாண்டில் 60% வளரும் என்று அரசுத் தளத்தில் பார்த்ததும் காற்றாலைப் பக்கம் மனம் சாய்ந்துவிட்டது என்றும் எழுதியிருந்தீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

அது அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் அலுவலகத்தின் 2023–33 கணிப்பு; அதன்பின் புதிய கணிப்பு வந்து எண்கள் கொஞ்சம் மாறிவிட்டன. அந்த 2023–33 கணிப்பிலேயே காலியிடங்களையும் பாருங்கள். காற்றாலையில் ஆண்டுக்குச் சுமார் 2,100 காலியிடங்கள், அதுவும் நாடு முழுவதற்கும் சேர்த்து. நர்சிங்கில் வளர்ச்சி 6% தான், ஆனால் காலியிடங்கள் சுமார் 1,94,500! ஓய்வு பெறுபவர்களும் வேலை மாறுபவர்களும் விட்டுப்போகும் இடங்கள் இதில் சேர்ந்துவிடும். சின்னத் துறையில் சதவீதம் சட்டென்று எகிறும், அவ்வளவுதான்.

சம்பளத்திலும் கவனம் தேவை. பெரிதாகப் போட்டிருப்பது இடைநிலைச் சம்பளம். பாதிப் பேர் அதற்கும் கீழேதான் வாங்குகிறார்கள். புதிதாகச் சேர்பவருக்கு, கடைசி 10% பேர் வாங்கும் தொகையைப் பாருங்கள். உங்கள் ஊர்வாரி அட்டவணையும் அங்கேயே இருக்கிறது.

ஆனாலும் டெக்சாஸ் காற்றாலைக்குப் பேர்போன மாநிலம், அதனால் ஒரேயடியாகத் தள்ளிவிடவும் வேண்டாம். அப்புறம், 80 மீட்டர் கோபுரத்தில் ஏணி ஏற அவனுக்கு மனம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.