மறு: கிளைபோசேட் அடித்தும் சாகாத சம்பாவ் புல்

ஐயா, வணக்கம். பினாங்கு பாலிக் புலாவ் தோட்டத்தில் இரண்டு முறை கிளைபோசேட் களைக்கொல்லி அடித்தும் சம்பாவ் என்னும் களைப்புல் மட்டும் சாகவில்லை, அளவைக் கூட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து கூட்ட வேண்டாம்.

கலங்கிய நீரில் மருந்தைக் கலந்திருந்தாலோ, அடித்தவுடன் மழை பெய்திருந்தாலோ மற்றக் களைகளும் தப்பியிருக்கும். காய்ந்த சம்பாவுக்குப் பக்கத்திலேயே அதே வளர்ச்சியுள்ள இன்னொன்று பச்சையாக நின்றால், எதிர்ப்புத்திறன் என்றே சந்தேகிக்க வேண்டும். இப்புல்லில் கிளைபோசேட் எதிர்ப்பு 1997-இல் நம் மலேசியாவில்தான், பேராக் மாநிலத்தின் தெலுக் இந்தானில், கண்டறியப்பட்டது. மருந்து பற்றி முடக்க வேண்டிய, புல்லின் நொதி என்னும் புரதத்தில், 106-ஆவது இடத்தில் புரோலின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதிலாக செரின் என்ற வேறொன்று அமைந்துவிட்டால், மருந்தின் பிடி தளர்ந்து செடி பிழைத்துக்கொள்கிறது. இம்மாற்றத்தை மருந்து உண்டாக்குவதில்லை. ஏற்கெனவே அத்தன்மை கொண்டிருந்த செடியை விட்டுவிட்டு மற்றவற்றை அழித்து, அதன் விதைகளுக்கு நிலத்தைக் காலியாக்கிக் கொடுக்கிறது. அதே நொதியில் இரண்டு இடங்களில் மாற்றம் ஏற்பட்டதால் மிகக் கூடுதல் அளவையும் தாங்கும் சம்பாவும் மலேசியாவில் பதிவாகியுள்ளது.

தப்பியவற்றை, கதிர் முற்றுமுன், மழை பெய்து மண் இளகியிருக்கும்போது, தட்டையான வெளிறிய அடித்தண்டைச் சேர்த்துப் பிடித்து வேரோடு பிடுங்குங்கள். ஒரு செடியே ஆயிரக்கணக்கில் விதை உதிர்க்கும். வெற்றிடங்களுக்குத் தடிப்பாக மூடாக்குப் போடுங்கள். பாராகுவாட் என்ற களைக்கொல்லி இங்கு 2020 முதல் தடைசெய்யப்பட்டுள்ளது. குளுபோசினேட் என்ற இன்னொரு களைக்கொல்லிக்கும் எதிர்ப்புள்ள சம்பாவ் இங்கு உண்டென்பதால், அதை முதலில் ஒரு சிறு பாத்தியில் மட்டும் அடித்துப் பாருங்கள்.