இன்ஜினியரிங் முடித்தவர்கள் வேலை தேடி அலையும்போது, பட்டறைகளில் ஆள் இல்லை என்கிறார்களே, எப்படி?

இரண்டுமே உண்மைதான். கோவை கணபதிப் பக்கம் லேத் பட்டறைகளில் பட்டம் வாங்கிய ஆளுக்குப் பஞ்சமில்லை, கை பழகிய ஆளுக்குத்தான் பஞ்சம்.

கைப்பழக்கம் என்றால் என்ன? கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் சிஎன்சி மிஷினில் ஷாஃப்ட் (உருளைத் தண்டு) கடைகிறீர்கள். முதலில் வருவதெல்லாம் சரியாக இருக்கும். அப்புறம் இன்செர்ட், அதாவது உலோகத்தைச் சீவும் முனை, தேயத் தேய, விட்டம் 0.02 மி.மீ. கூடிவிடும். மைக்ரோமீட்டர் என்ற அளவுக் கருவியில் அதைப் பிடித்து, மிஷினில் ஆஃப்செட்டை (வெட்டும் முனையின் நிலையைச் சரிசெய்யும் அளவை) திருத்த வேண்டும். கொஞ்சம் தேறியவர் சத்தத்தை வைத்தே இன்செர்ட்டை மாற்றிவிடுவார். மிஷின் முன்னால் நின்றால்தான் இதெல்லாம் வரும்.

ஜெர்மனியில் தொழில் பழகுபவர் வாரத்தில் மூன்று நான்கு நாள் நிறுவனத்தில் இருப்பார், மீதி நாள் தொழிற்பள்ளியில். உதவித்தொகையும் உண்டு. நம்மிடமும் 1961-லேயே அப்ரண்டிஸ் சட்டம் வந்துவிட்டது. ஆனால் பல இடங்களில் அப்ரண்டிஸ் என்றால் மலிவான எடுபிடி, அவ்வளவுதான். டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து தமிழக அரசு 71 அரசு ஐடிஐகளில் நவீன மிஷின்களைக் கொண்டுவந்தது. நல்ல விஷயம். கூடவே, சொல்லிக்கொடுப்பவரையும் வருடத்துக்கு ஒரு மாதமாவது பட்டறைக்கு அனுப்ப வேண்டும் என்பேன்.

சம்பளத்தையும் மறக்க வேண்டாம். 12 மணி நேர ஷிஃப்டுக்கு டெலிவரி வேலையைவிடக் குறைவாகக் கொடுத்தால், நன்றாகப் பழகிய பையனும் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விடுவான்.

நீங்கள் ஐடிஐயில் சேர்வதாக இருந்தால், எந்தத் தொழிற்சாலைக்கு, எத்தனை மாதம் பயிற்சிக்கு அனுப்புவார்கள் என்று முதலில் கேளுங்கள்.