ஐசிடி-10: சின்ன கிளினிக் எங்கே தொடங்கலாம்?

அமெரிக்காவில் அக்டோபர் 1, 2015 முதல், பில்லில் நோயைக் குறிக்கும் குறியீட்டு முறையான ஐசிடி-9 போய் ஐசிடி-10 வந்துவிட்டதே, தொடங்கியபோதே ஏறத்தாழ 68,000 குறியீடுகள் இருந்தனவே, அவற்றை எப்படிப் படிப்பது என்று கேட்டிருந்தீர்கள். படிக்கவே வேண்டாம். உங்கள் கிளினிக்கில் அதிகம் பில் போடும் ஐம்பது நோய்களை மென்பொருளிலிருந்து எடுத்து, அவற்றுக்கு மட்டும் புதிய குறியீட்டை எழுதி வையுங்கள்.

உண்மையான தலைவலி டாக்டரின் குறிப்புதான். முழங்கால் மூட்டுத் தேய்மானத்துக்குப் பழைய ஐசிடி-9 குறியீடான 715.16 போட, எந்தக் கால் என்று சொல்லத் தேவையிருக்கவில்லை. இப்போது வலது முழங்காலுக்கு எம்17.11, இடதுக்கு எம்17.12. குறிப்பில் அது இல்லாவிட்டால், அதைப் பார்த்துக் குறியீடு போடும் கோடர் என்ன செய்வார், பாவம்! டாக்டரை இப்போதே பழக்குங்கள்.

அப்புறம், எந்தக் குறியீடு என்பதற்கு நோயாளியைப் பார்த்த தேதிதான் கணக்கு. 2015 செப்டம்பர் 30 அன்று வந்தவருக்கு அக்டோபரில் பில் அனுப்பியிருந்தாலும் ஐசிடி-9தான். டாக்டர் செய்த சேவையைக் குறிக்கும் சிபிடி குறியீடுகளுக்கு இதனால் மாற்றமில்லை.