பதில்: 32-பிட் ராஸ்பெர்ரி பையில் '__முலோடி4' லிங்க் பிழை

வணக்கங்க. எஸ்டேட் மழைமானிக்காக ஏற்காட்டில் பழைய 32-பிட் ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினி போர்டில், கிளாங் 11 கம்பைலரை வைத்து ப்ரோக்ராமை பில்ட் செய்கிறீர்கள். கம்பைல் எல்லாம் ஓடி, கடைசியில் துண்டுகளையும் லைப்ரரிகளையும் ஒன்றாகச் சேர்க்கும் லிங்க் கட்டத்தில் '__முலோடி4' என்ற ஃபங்ஷன் கிடைக்கவில்லை என்று நிற்கிறது, சரிதானே? கோடில் தப்பில்லைங்க. 64-பிட் பெருக்கலில் ஓவர்ஃப்ளோ ஆகிறதா, அதாவது விடை இடத்துக்குள் அடங்காமல் போகிறதா என்று பார்க்க, பையில் இருக்கும் 32-பிட் ஆர்ம் ப்ராசஸரில் கிளாங் அந்த ஃபங்ஷனைக் கூப்பிடுகிறது. அது கிளாங்கின் தாய்த் திட்டமான எல்எல்விஎம்மின் கம்பைலர்-ஆர்டி லைப்ரரியில் இருக்கிறது. லினக்ஸில் கிளாங் வழக்கமாக லிங்க் செய்வதோ, ஜிசிசி என்ற இன்னொரு கம்பைலரின் லைப்ரரியான லிப்ஜிசிசியை. அதில் அது கிடையாது.

சுலபமான வழி, ஜிசிசியிலேயே பில்ட் செய்வது. அது இந்தச் சோதனையை உள்ளேயே எழுதிவிடும், ஃபங்ஷனைத் தேடாது. நானாயிருந்தால் இதைத்தான் செய்வேன்.

கிளாங்தான் வேண்டுமென்றால் '--ஆர்டிலிப்=கம்பைலர்-ஆர்டி' ஃபிளாக்கை லிங்க் கட்டத்துக்கான எல்டிஃபிளாக்ஸில் கொடுங்கள். நிறையப் பேர் கம்பைலுக்கான சிஃபிளாக்ஸில் மட்டும் போட்டுவிட்டு வேலை செய்யவில்லை என்பார்கள். பிழை வருவது லிங்க் கட்டத்தில் அல்லவா! சிமேக் என்ற பில்ட் கருவியில் செய்கிறீர்கள் என்றால் பழைய பில்ட் ஃபோல்டரை முழுசாக அழித்துவிட்டுத் தொடங்குங்கள். முதல்முறை கான்ஃபிகர் செய்தபோது எடுத்த எல்டிஃபிளாக்ஸ் கேஷில் உட்கார்ந்திருக்கும், புதுசாகக் கொடுத்தாலும் கண்டுகொள்ளாது.

அதன்பின் எக்செப்ஷன்களைக் கையாளும் '_அன்வைண்ட்_ரெஸ்யூம்' இல்லை என்று சி++ பக்கம் புதுப் பிழை வந்தால் '-எல்ஜிசிசி_எஸ்' ஃபிளாக்கையும் லிங்க்கில் சேருங்கள். லிப்ஜிசிசியை விட்டபோது அதுவும் கூடவே போயிருக்கும்.

இதற்காக 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலத்தில் புது போர்டு தேட வேண்டாம். இன்னும் நின்றால் லிங்க் கட்டளையை முழுசாகப் போடுங்க, பார்க்கலாம்.