மரமேறிய ஐவிக்கொடி: எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்குக் கூடாது?

கேள்வி: அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், சியாட்டில் அருகே ஒரு வீட்டை விலை பேசிக்கொண்டிருக்கிறோம். கொல்லைப்புறத்தில் நான்கு பெரிய டக்ளஸ் ஃபர் மரங்கள். நான்கிலும் பாதி உயரத்துக்குப் பச்சைக்கொடி ஏறியிருக்கிறது. குளிர்காலத்திலும் இலை உதிரவில்லை. "பார்க்க அழகுதானே" என்கிறார் ஏஜென்ட். இதற்காக விலையைக் குறைத்துக் கேட்கலாமா?

பதில்: கேட்கலாம், ஆனால் முதலில் கொடியை உறுதிசெய்துகொள்ளுங்கள். அந்தப் பகுதியில் குளிர்காலத்திலும் பச்சையாக மரமேறி நிற்பது பெரும்பாலும் இங்கிலீஷ் ஐவி, இல்லையென்றால் அதன் நெருங்கிய உறவான ஐரிஷ் ஐவி. இரண்டும் ஐரோப்பாவிலிருந்து வந்தவை, ஒழிக்கும் முறையும் ஒன்றுதான். தரையோரத்து இலைகள் மூன்று முதல் ஐந்து மடல்களோடு, கரும்பச்சையாக, மெழுகு பூசியதுபோல் மினுங்கும்; நரம்புகள் வெளிறித் தெரியும். தண்டிலிருந்து மயிர்போன்ற சிறு வேர்கள் கிளம்பி மரப்பட்டையைப் பற்றியிருக்கும். பாஸ்டன் ஐவி என்பது வேறு கொடி. அது இலையுதிர் காலத்தில் சிவந்து கொட்டிவிடும்.

அடுத்து, மரத்தின் மேல்பகுதியில் வெயில் படும் கிளைகளைப் பாருங்கள். அங்கே மடல் இல்லாத, முட்டை வடிவ இலைகள் தெரிந்தால் கொடி முதிர்ந்துவிட்டது, பூத்துக் காய்க்கிறது என்று அர்த்தம். கருத்துப் பழுத்த காய்களை ராபின், ஸ்டார்லிங் போன்ற பறவைகள் தின்று, பக்கத்துக் காடுகளிலெல்லாம் விதைக்கும். தரையில் மட்டும் படர்ந்து கிடக்கும் கொடி பொதுவாகப் பூக்காது. மரமேறியதை முதலில் வெட்டச் சொல்வதற்கு இதுவே முக்கியக் காரணம்.

மரத்துக்கு வரும் கேடு எடையாலும் காற்றாலும். குளிர்காலப் புயலில் இலை அடர்ந்த கொடி காற்றை வாங்கி மரத்தை இழுக்கும். அதைவிட மோசம், அடிமரத்தில் சொத்தையோ காளானோ இருந்தாலும் கொடி மூடி மறைத்துவிடும். வீட்டைச் சோதிக்கும் இன்ஸ்பெக்டர் பொதுவாக மரங்களை அந்த அளவுக்குப் பார்க்கமாட்டார். கையெழுத்துப் போடுமுன் சான்றிதழ் பெற்ற ஆர்பரிஸ்ட் (மர வல்லுநர்) ஒருவரை வரவழைத்து, அடிமரக் கொடியை விலக்கிப் பார்க்க விற்பவரிடம் அனுமதி வாங்குங்கள். அவர் எழுதித் தரும் அறிக்கையை வைத்துப் பேரம் பேசினால் அதற்கு மதிப்பு உண்டு.

கேள்வி: மரத்தின் உச்சிவரை ஏறிக் கொடியை முழுவதும் இறக்கித் தருவதாக ஒரு நிறுவனம் பெரிய தொகை கேட்கிறது. கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். மேலே உள்ள கொடியை இழுத்தால் மரப்பட்டை உரியும், காய்ந்த கிளை தலையில் விழும். கீழே வெட்டினாலே மேலே உள்ளது தானாகக் காய்ந்து, ஓரிரு ஆண்டுகளில் உதிர்ந்துவிடும்.

தோள் உயரத்தில் மரத்தைச் சுற்றிலும் ஒவ்வொரு தண்டையும் வெட்டுங்கள். கணுக்கால் உயரத்தில் மீண்டும் ஒருமுறை. மெல்லிய தண்டுக்கு லாப்பர் (நீண்ட கைப்பிடிக் கத்தரி), கை அளவுக்குத் தடித்ததற்கு மடக்கு ரம்பம். பட்டையோடு ஒட்டியதை ஒரு பெரிய தட்டை ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுக்கலாம். ரம்பம் மரப்பட்டைக்குள் இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு அடிமரத்தைச் சுற்றி நாலைந்து அடி வட்டத்துக்கு வேரோடு பிடுங்குங்கள். பின்பக்கம் ஒளிந்திருக்கும் ஒரே ஒரு தண்டை விட்டுவிட்டாலும் மேலே பச்சை வாடாது. சில வாரங்கள் கழித்து அண்ணாந்து பாருங்கள். பச்சை நிற்கும் இடத்துக்கு நேர்கீழே தேடினால் அகப்படும்.

கையுறை, முழுக்கைச் சட்டை கட்டாயம். ஐவிச் சாற்றில் உள்ள ‘ஃபால்கரினால்’ என்ற வேதிப்பொருள் பலருக்குத் தோலில் கொப்புளம் கிளப்பும்.

தரையில் படர்ந்ததைப் பிடுங்க மழைக்குப் பின் மண் இளகியிருக்கும் நேரமே சரி. ஓரத்தில் தொடங்கி, பாய் சுருட்டுவதுபோல் வெட்டிச் சுருட்டிக்கொண்டே போகலாம். காசு கொடுப்பதாக இருந்தால் இந்த வேலைக்குக் கொடுங்கள். ஒப்பந்தத்தில் குறைந்தது இரண்டு ஆண்டுகளுக்கு மறுவருகை சேர்க்கச் சொல்லுங்கள். மண்ணில் தங்கிய துண்டுத் தண்டு மறுபடி தழைக்கும் என்பதால், ஒரே நாளில் முடித்துவிட்டுப் போகிறவருக்குக் கொடுக்கும் பணம் வீண். வாஷிங்டனில் ஒப்பந்ததாரரின் பதிவை மாநிலத் தொழிலாளர் துறையின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். கூலிக்கு மருந்து அடிப்பவருக்கு மாநில வேளாண் துறை உரிமம் வேண்டும்.

செங்குத்தான சரிவு இருந்தால் மொத்தமாக உரித்துவிடாதீர்கள். ஐவியின் வேர் மேலோட்டமானது, சரிவைப் பிடித்து நிறுத்தாது; ஆனாலும் வெற்று மண் மழையில் கரையும். பகுதி பகுதியாக எடுத்து, அந்த இடத்தில் உடனே வேறு செடிகளை நடுங்கள். நகராட்சி அனுமதி தேவையா என்று முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள்.

கேள்வி: களைக்கொல்லி வாங்கி இலையில் அடித்தால் போதாதா?

பதில்: மெழுகுப்பூச்சுள்ள இலையில் மருந்து வழிந்தோடிவிடும், பாதிப் பணம் மண்ணுக்குப் போகும். பிடுங்க முடியாத தடித்த அடித்தண்டுக்கு மட்டும், வெட்டிய சில நிமிடங்களுக்குள் கிளைஃபோசேட் அல்லது டிரைகுளோபிர் என்ற களைக்கொல்லியின் கலவையை வெட்டுவாயில் தூரிகையால் தடவலாம். லேபிளில் ‘வெட்டிய அடித்தண்டு’ முறை அனுமதிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, அதில் சொன்ன அளவிலேயே பயன்படுத்துங்கள். டிரைகுளோபிரைப் பக்கத்து மரத்தின் வேரில் படவிடாதீர்கள். பிடுங்கி முடித்த தரையில் அட்டை விரித்து, மேலே 8 அங்குலம் மரச்சில்லு போடுவதே மலிவான, உறுதியான வழி. சில்லு அடிமரத்தைத் தொடக் கூடாது.

கேள்வி: நர்சரியில் வெள்ளை விளிம்பு ஐவித் தொட்டி பார்த்தோம். அது பரவாதுதானே?

பதில்: வண்ண இலை ரகங்களும் மண்ணில் ஊன்றினால் படரும், சில கிளைகள் சாதாரணப் பச்சைக்குத் திரும்பிவிடும். பக்கத்து மாநிலமான ஓரிகன் 2010-லேயே இங்கிலீஷ் ஐவி விற்பனையைத் தடைசெய்துவிட்டது. வாஷிங்டனிலும் சில ரகங்கள் மாநிலத்தின் களைப் பட்டியலில் உள்ளன. நீங்கள் வாங்காதீர்கள். அதற்குப் பதிலாக, நிழலுக்கு ஸ்வோர்ட் ஃபெர்ன் என்ற பெரணி, சலால் என்ற புதர்ச்செடி, வெயிலுக்குக் கின்னிக்கின்னிக் என்ற தரைப்படர் செடி. மூன்றும் அந்த மண்ணுக்கே உரியவை, மூன்றும் பசுமை மாறாதவை. அக்டோபர், நவம்பரில் நட்டால் மழையே தண்ணீர் ஊற்றிவிடும். முதல் இரண்டு கோடைக்கு மட்டும் நீங்கள் ஊற்றினால் போதும்.